மெட்டும் ஒலியும்: டெபெஷ் மோட் ரசிகர்களின் தீராத வழக்கு

1989-ஆம் ஆண்டு டென்மார்க்கின் புக் ஸ்டுடியோவில் ஒரு பாட்டைப் பற்றிக் கருத்து வேறுபாடு வந்தது. எழுதியவர் டெபெஷ் மோட் குழுவின் மார்ட்டின் கோர். அவர் கொண்டுவந்த டெமோவில் ஆர்மோனியத்தின் சில சுரக்கட்டுகளும் அவர் குரலும் தவிர வேறொன்றும் இல்லை. மெதுவாக நகரும் பாட்டு. அதே டெமோவில் குழுவின் இன்னொரு உறுப்பினர் ஆலன் வைல்டருக்கு வேறொன்று கேட்டது. வேகத்தைக் கூட்டி, அடியில் ஒரு நடனத் தாளத்தை ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றார். கோருக்கு அது பிடிக்கவில்லை. அமைதியைப் பற்றிய பாட்டுக்கு எதற்கு இந்த ஓட்டம் என்பது அவர் வாதம். கடைசியில், சரி, செய்து பார்க்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார். வைல்டரும் தயாரிப்பாளர் ஃப்ளட்டும் மற்றவர்களை ஒதுங்கியிருக்கச் சொல்லிவிட்டு இரண்டொரு நாள் உட்கார்ந்து பாட்டின் உடம்பைக் கட்டினார்கள். பிறகு கோரைக் கூப்பிட்டு அதன்மேல் ஒரு கிட்டார் வரியை வாசிக்கச் சொன்னார்கள். குழுவின் பாடகர் டேவ் கஹன் பாடினார். 'என்ஜாய் தி சைலன்ஸ்' 1990 பிப்ரவரியில் வெளிவந்தது. பிரிட்டனில் 6-ஆம் இடம், அமெரிக்காவில் 8-ஆம் இடம், அடுத்த ஆண்டு சிறந்த பிரிட்டிஷ் சிங்கிளுக்கான பிரிட் விருது.

இசைத்தட்டில், எழுதியவர் என்ற இடத்தில் கோரின் பெயர் மட்டும் இருக்கிறது. சட்டப்படி அதில் தவறில்லை. சொல்லும் மெட்டும் அவருடையவை. ஆனால் உலகம் கேட்டது டெமோவை அல்ல. அந்த இரண்டொரு நாளில் உருவான ஒலியைக் கேட்டது. டெபெஷ் மோட் புதிய ஆல்பம் வெளியிடும் ஒவ்வொரு முறையும் ரசிகர்களுக்குள் மூளும் வழக்கு இங்கேதான் வேர்விட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். மெட்டையே பாட்டாகக் கேட்கிறவர் ஒரு பக்கம், ஒலியைப் பாட்டாகக் கேட்கிறவர் மறுபக்கம். இருவரும் ஒரே குழுவை நேசிக்கிறார்கள், ஒரே ஆல்பத்தை வாங்குகிறார்கள், கேட்டு முடித்ததும் எதிரெதிர்த் தீர்ப்பு சொல்கிறார்கள்.

இந்தப் பிளவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வயது. பதின்பருவத்தில் கேட்டதுதான் ஆயுளுக்கும் இனிக்கும், ஐம்பது வயதுக்காரருக்கு இன்றைய பாட்டு எதுவும் பிடிக்காது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. மாரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்ட கட்டுரையில், வெவ்வேறு வயதினருக்கு வெவ்வேறு காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். ஒருவர் ஏறக்குறைய இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இருந்தபோது புழங்கிய பாடல்களே அவருக்கு அதிகம் பிடித்தன. உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இலேயே இன்னொன்றைக் காட்டியிருந்தார்: ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே போதும், அதன்மேல் பிரியம் கூடும். பழைய ஆல்பத்தை ஆயிரம் முறை கேட்டவர் புதியதை மூன்று முறை கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லும்போது, தராசு ஏற்கெனவே சாய்ந்துதான் இருக்கிறது.

இந்த விளக்கங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் டெபெஷ் மோட் விஷயத்தில் இவை பாதித் தூரம்தான் வருகின்றன. 'என்ஜாய் தி சைலன்ஸ்' இடம்பெற்ற 'வயலேட்டர்' ஆல்பம் வெளிவந்த 1990-இல் பிறந்தேயிராத ரசிகர்கள்கூட அதைத்தான் உச்சம் என்கிறார்கள். அவர்களுக்கு அது இளமை நினைவு அல்ல. 1997-இல் தயக்கத்தோடு வரவேற்கப்பட்ட 'அல்ட்ரா' இன்று மிகவும் நேசிக்கப்படும் ஆல்பங்களில் ஒன்று. 2001-இல் வந்த 'எக்ஸைட்டர்' மட்டும், கால் நூற்றாண்டு பழகிய பிறகும், பலரிடம் இன்னும் முழு மன்னிப்பு பெறவில்லை. வயதும் பழக்கமும்தான் காரணமென்றால் இரண்டும் ஒரேபோல் கனிந்திருக்க வேண்டும். ஏன் ஒன்று கனிந்தது, மற்றது கனியவில்லை? அதற்குப் பாட்டுகளின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

இந்தக் குழு 1980-இல் லண்டனுக்குக் கிழக்கே எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துப் பேஸில்டனில் உருவானது. உலகப் போருக்குப் பிறகு திட்டமிட்டுக் கட்டப்பட்ட புதுநகரம் அது. வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃப்ளெட்சர், டேவ் கஹன் என நான்கு இளைஞர்கள். மேடையில் கிட்டாரும் டிரம்ஸும் இல்லை, சிந்தசைசர்கள் மட்டுமே. டேனியல் மில்லரின் மியூட் இசைத்தட்டு நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. முதல் ஆல்பம் வந்த 1981-இன் கடைசியிலேயே, பாட்டு எழுதிக்கொண்டிருந்த கிளார்க் விலகிவிட்டார். குழுவின் கதை முடிந்தது என்று பேசப்பட்டது. கோர் எழுத ஆரம்பித்தார். முதல் சந்தேகமும் முதல் பிளவும் அப்போதே தோன்றிவிட்டன. ஆக, 'பழைய டெபெஷ் மோட் போல இல்லை' என்ற குறைக்கு ஏறக்குறைய குழுவின் வயதே ஆகிறது.

கிளார்க்கின் இடத்தை நிரப்ப ஒரு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். இருபத்தொரு வயதுக்குட்பட்டவர் வேண்டும் என்றிருந்தது. இருபத்திரண்டு வயது வைல்டர் வயதைக் குறைத்துச் சொல்லி உள்ளே வந்தார். முறையாகப் பியானோ பயின்றவர். மேடையில் வாசிக்கத்தான் முதலில் எடுத்தார்கள். 1982-இன் இரண்டாவது ஆல்பத்தில் அவருக்கு இடமில்லை. 1983-இன் 'கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்' தொடங்கி உள்ளே வந்தவர், அதற்கும் அடுத்த ஆல்பத்துக்கும் சேர்த்துச் சில பாட்டுகள் எழுதிப் பார்த்தார். பிறகு எழுதுவதைக் கோரிடம் முழுக்க விட்டுவிட்டு, எழுதியதை ஒலியாக்கும் வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார்.

அந்த வேலை என்ன என்பதை ஒரு பாட்டை வைத்துப் பார்க்கலாம். 1986-இல் வந்த 'ஸ்டிரிப்ட்'. பாட்டின் அடியில் தொடர்ந்து ஓடும் கனத்த உறுமல் எந்த சிந்தசைசரிலிருந்தும் வந்ததல்ல. நின்றபடியே ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிளின் இன்ஜின் சத்தத்தைப் பதிவுசெய்து, சாம்ப்ளரில் ஏற்றி, சுருதி இறங்கும்படி மெதுவாக்கியிருக்கிறார்கள். சாவி திருகிக் கார் கிளம்பும் ஓசை கஹனின் போர்ஷே 911-இனுடையது. கடைசியில் வெடிகளின் சத்தம் வருகிறது. முன்பு 'கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்' ஆல்பத்துக்காகக் கிழக்கு லண்டன் தெருக்களில் இரும்புத் தகடுகளையும் குழாய்களையும் தட்டி ஒலி சேகரித்தார்கள். பொறியாளர் கேரத் ஜோன்ஸ் உடன் போனார். ஒருமுறை பயன்படுத்திய ஒலியை மறுபடி எடுக்கக் கூடாது என்று தங்களுக்குள் ஒரு விதியே வைத்திருந்தார்கள். கருவியைச் செய்த நிறுவனம் அதற்குள் போட்டுக் கொடுத்த ஒலியைத் தொடாமல், ஒவ்வொரு பாட்டுக்கும் அதற்கே உரிய ஒலிகளைப் பிறப்பிப்பது அக்காலத்தில் எவ்வளவு நேரத்தைத் தின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைய சாம்ப்ளர்களின் நினைவகம் சில விநாடி ஒலியைத்தான் தாங்கும்.

இப்படிச் செய்த பாடல்களைப் பத்து வருடம் காதோடு காதாகக் கேட்டு வளர்ந்தவருக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. மெட்டு மனப்பாடமான பிறகும் அவர் கேட்பதை நிறுத்துவதில்லை. இரண்டாவது சரணத்தில் இடது பக்கம் மட்டும் வரும் உலோகத் தட்டலைக் கவனிக்கிறார். அது மூன்றாவது சரணத்தில் இடம் மாறுவதைக் கண்டுபிடிக்கிறார். ஒவ்வொரு கேட்புக்கும் கொடுக்க அந்தப் பதிவில் ஏதோ மிச்சம் இருக்கிறது. எண்பதுகளில் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் இந்தக் குழுவைப் பெரும்பாலும் அலட்சியமாகத்தான் நடத்தின. பொத்தானை அமுக்கினால் பாட்டு வந்துவிடும் என்ற நினைப்பு விமர்சகர்கள் பலருக்கு இருந்தது. அது அப்படியல்ல என்பதைத் தங்கள் காதாலேயே தெரிந்துகொண்டவர்கள் ரசிகர்கள். பாடல் பதிவறையில்தான் இயற்றப்படுகிறது என்று இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ 1979-இல் ஓர் உரையில் வாதிட்டிருந்தார். தயாரிப்பாளரை இசையமைப்பாளராகவே பார்க்க வேண்டும் என்று வர்ஜில் மூர்ஃபீல்டு 2005-இல் ஒரு நூலே எழுதினார். ரசிகர்கள் அந்த முடிவுக்குப் படிப்பு வழியாக வரவில்லை, ஹெட்போன் வழியாக வந்தார்கள்.

இந்த ரசிகர் கூட்டத்தின் பெரும்பகுதி இங்கிலாந்தில் இல்லை என்பதும் முக்கியம். 1985-இலேயே குழுவினர் புடாபெஸ்டிலும் வார்சாவிலும் வாசித்திருக்கிறார்கள். 1988 மார்ச் 7 அன்று கிழக்கு பெர்லினின் வெர்னர் ஸீலன்பிண்டர் அரங்கில் வாசித்தார்கள். கிழக்கு ஜெர்மன் அரசின் இளைஞர் அமைப்புடைய ஆண்டுவிழா நிகழ்ச்சி அது. சில ஆயிரம் பேர் உள்ளே, டிக்கெட் கிடைக்காதவர்கள் வெளியே. அந்த நாடுகளில் இவர்களுடைய ஆல்பம் கடையில் தாராளமாக வாங்கும் பொருளாக இருக்கவில்லை. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவுசெய்து கைமாறியது. கறுப்புத் தோல் சட்டையும் மேலே தூக்கி வாரிய முடியும் ஒருவரையொருவர் அடையாளம் காட்டின. கலைஞர் ஜெரமி டெல்லரும் நிக் ஏப்ரஹாம்ஸும் எடுத்த ஆவணப்படத்தில் மாஸ்கோ ரசிகர்கள் வருகிறார்கள். மே 9 ரஷ்யாவின் வெற்றி நாள். கஹனின் பிறந்தநாளும் அதுவே. நாடு ஒன்றைக் கொண்டாட, இவர்கள் பதாகை தூக்கிக்கொண்டு தங்களுடையதைக் கொண்டாடுகிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்குப் புதிய ஆல்பம் என்பது தூரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வருவது மாதிரி. வந்தவர் மாறியிருந்தால் சும்மா இருக்க மாட்டார்கள், கேட்பார்கள். அந்தக் கேள்வியில் உரிமை இருக்கிறது.

1988 ஜூனில் கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன் வாசித்த நிகழ்ச்சியை ஆவணப்பட இயக்குநர் டி. ஏ. பென்னபேக்கர் '101' என்ற படமாக்கினார். அதில் ஃப்ளெட்சர் குழுவின் வேலைப்பிரிவினையைத் தானே சொல்கிறார்: பாட்டு மார்ட்டின் எழுதுவார், நல்ல இசைக்கலைஞர் ஆலன், பாடுவது டேவ், தான் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதாக. தன்னைப் பற்றி அவர் சொன்னதை நம்ப வேண்டியதில்லை. நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டதும், பிரிந்து போகக்கூடிய நான்கு பேரைப் பல வருடம் ஒன்றாக வைத்திருந்ததும் அவர்தான். ஆனால் மற்ற மூவரைப் பற்றி அவர் சொன்னதை ரசிகர்கள் மறக்கவேயில்லை.

1993-இல் 'சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் அண்ட் டிவோஷன்' வந்தது. அலறும் கிட்டார், தேவாலயப் பாட்டின் சாயல், உண்மையான டிரம்ஸ். டிரம்ஸ் வாசித்தவர் வைல்டரே. கஹன் நீள முடி வளர்த்திருந்தார். ராக் இசைக்கு விலைபோய்விட்டார்கள் என்று ஒரு சாரார் கோபப்பட்டார்கள். ஆனால் ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்தில் நுழைந்தது. இன்று அதைக் குறைசொல்பவர் குறைவு. கிட்டார் வந்ததே பாவம் என்ற அன்றைய வாதம் நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாசித்த டிரம்ஸையும் துண்டுதுண்டாக வெட்டி, அடுக்கி, மறுபடி இயந்திரம்போல் ஓடவிட்டிருந்தார்கள். கருவி மாறியதே தவிர அதே சிரத்தை இருந்தது. காது அதை ஒப்புக்கொண்டது.

அதற்கடுத்த நெடும்பயணம் குழுவைச் சிதைத்தது. 1995 ஜூன் 1 அன்று வைல்டர் விலகினார். உறவுகளும் வேலை நடந்த விதமும் தனக்கு ஒத்துவரவில்லை, தன் உழைப்புக்குத் தகுந்த மதிப்பும் அங்கீகாரமும் உள்ளே கிடைக்கவில்லை என்ற பொருளில் அறிக்கை வெளியிட்டார். இதைப் படித்தபோது ரசிகர்களுக்குப் புரிந்தது, தாங்கள் பல வருடம் நேசித்ததை அதைச் செய்த வீட்டுக்குள்ளேயே போதிய அளவு மதிக்கவில்லை என்று. மறுவருடம் லாஸ் ஏஞ்சல்ஸில் போதைமருந்து மிகையால் கஹனின் இதயம் இரண்டு நிமிடம் நின்று மீண்டது. அந்த நிலையிலிருந்து எழுந்து வந்த ஆல்பம் 'அல்ட்ரா'. தயாரிப்பாளர் டிம் சைமனன். 'பேரல் ஆஃப் எ கன்' பாட்டின் கரடுமுரடான தாளத்தையும் அதன்மேல் கஹன் இழுத்துப் பாடுவதையும் கேட்டால், வைல்டரின் இடத்தில் ஆளில்லாமல் போகவில்லை, வேறு கைகள் வந்திருக்கின்றன என்று தெரியும். 'அல்ட்ரா' கனிந்ததற்குக் காரணம் இது என்பேன். திரும்பத் திரும்பக் கேட்டவருக்குக் கொடுக்க அதில் சரக்கு இருந்தது.

'எக்ஸைட்டர்' விஷயம் வேறு. தயாரிப்பாளர் மார்க் பெல், எல்.எஃப்.ஓ. குழுவைச் சேர்ந்தவர், பாடகி பியர்க்கின் 'ஹோமோஜெனிக்' ஆல்பத்தில் பங்காற்றியவர். காகிதத்தில் பார்த்தால் மின்னிசை ரசிகர் கனவு காணும் கூட்டணி. வந்ததோ மெலிந்த, தணிந்த ஆல்பம். 'ட்ரீம் ஆன்' சாதாரண அகௌஸ்டிக் கிட்டாருடன் தொடங்குகிறது. நடுவில் பல பாடல்கள் காற்றில் மிதப்பவை. கஹன் இவ்வளவு நிதானமாக அதற்குமுன் பாடியதில்லை. பாடல்களைச் சொல்லாகவும் குரலாகவும் கேட்பவர்களுக்கு அது ஆறுதலான ஆல்பம், சிலருக்கு மிக நெருக்கமானதும்கூட. ஒலியைத் தேடிப் போனவர்களோ வெறுங்கையோடு திரும்பினார்கள். இந்தப் பிரிவுக்கு ஆல்பத்துக்கு உள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. 'ஃப்ரீலவ்' பாட்டைச் சிங்கிளாக வெளியிட்டபோது ஆல்பத்தில் இருந்த வடிவத்தை விட்டுவிட்டு ஃப்ளட் செய்த கலவையைப் போட்டார்கள். சொல் அதே, மெட்டு அதே, பாடியவர் அவரே. ஆனால் ஆல்பத்தில் தூங்குவதுபோல் கிடந்த பாட்டு அந்தக் கலவையில் எழுந்து உட்காருகிறது. ஆல்பத்தைக் குறைசொன்ன ரசிகர் பலர் இந்த வடிவத்தை மட்டும் விரும்பியது பழங்கால மயக்கம் அல்ல, நேரடியான செவிச் சான்று. அவர்கள் சொல்ல வந்தது இதுதான்: பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, அதை முடிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

2005-இன் 'ப்ளேயிங் தி ஏஞ்சல்' கூர்மையான ஒலிகளோடு வந்தது, நிம்மதி பரவியது. கூடவே இரண்டு புதிய சர்ச்சைகள். ஒன்று, முதன்முறையாகக் கஹன் கூட்டாக எழுதிய மூன்று பாடல்கள் ஆல்பத்தில் இடம்பெற்றன. இவ்வளவு காலம் அடுத்தவர் சொற்களைத் தன் வாழ்க்கைபோல் பாடியவருக்கு அந்த உரிமை எப்போதோ வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் கோரின் சொற்களுக்காக வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். மற்றொன்று மாஸ்டரிங். மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே உயரத்துக்கு அழுத்திப் பிழிந்து, எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும்படி இசைத்தட்டு செய்வது அந்தக் காலத்து நோய். ரசிகர்கள் அதைக் கேட்டுக் காது வலிக்கிறது என்று சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

பிறகு 2009-இல் 'சவுண்ட்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்'. மொத்த விவாதத்திலும் எனக்கு அதிகம் கற்றுத்தந்த ஆல்பம் இது. கோர் அப்போது இணைய ஏலத்தில் பழைய அனலாக் சிந்தசைசர்களையும் டிரம் மெஷின்களையும் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோவுக்குப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. முதல் பாட்டு 'இன் செயின்ஸ்' தொடங்கும்போதே பழைய இயந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கண்விழித்துச் சுருதி சேர்வதுபோல் ஒரு நீண்ட ரீங்காரம் மேலெழுகிறது. பழைய ஒலி வேண்டும் என்றவர்களுக்குப் பழைய ஒலி பிறந்த கருவிகளே கிடைத்துவிட்டன. அப்படியும் குறை தீரவில்லை. ஏனென்றால் ரசிகர்கள் இழந்தது கருவியை அல்ல. அந்த ஒலி எப்போது வர வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எதன் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று வாரக்கணக்கில் யோசித்த மனதை. 2011-இல் வந்த ரீமிக்ஸ் தொகுப்பில் இதே 'இன் செயின்ஸ்' பாட்டை வைல்டர் மறுவடிவம் செய்து கொடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வைல்டரின் வடிவத்தில் ஒரு சரணம் போல் மறுசரணம் இருப்பதில்லை, ஒவ்வொரு சுற்றிலும் எங்கோ ஓர் அடுக்கு மாறுகிறது. அதற்கு முந்தைய வருடம் பிப்ரவரியில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ஒரு நன்கொடை நிகழ்ச்சியில் அவர் பியானோ முன் வந்து உட்கார்ந்து கோர் பாட ஒரே ஒரு பாட்டு வாசித்தார். அரங்கம் எழுந்த விதத்தைப் பதிவில் பார்க்கலாம்.

இந்தப் பக்கத்து வாதத்துக்கு நான் சாய்கிறேன் என்று தெரிந்திருக்கும். ஆனாலும் எதிர்த்தரப்புக்கு வலுவான ஒரு நியாயம் உண்டு. வைல்டர் இருந்திருந்தால் என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்கள், கோரின் எழுத்து மாறியிருப்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள். இருபதுகளில் இருந்தவர் எழுதிய ஆசையும் குற்றவுணர்வும் ஐம்பதுகளில் அதே சூட்டோடு வராது. வந்தால் அது நடிப்பாகிவிடும். 2017-இன் 'ஸ்பிரிட்' அரசியல் கோபத்தோடு வந்தபோது அதன் சொற்கள் நேரடியானவை, தட்டையானவை என்ற குறை எழுந்தது. எனக்கும் சில பாடல்களில் அப்படித் தோன்றியது. அந்தக் குறைக்கும் ஒலியடுக்குக்கும் சம்பந்தமில்லை. எல்லாத் தோல்வியையும் ஒருவர் இல்லாததன் கணக்கில் எழுதுவது, இருப்பவர்களின் வேலையைக் கேட்க மறுப்பதுதான்.

மாறாமலிருக்க ஒரு வழி உண்டு, புதிதாக எதையும் செய்யாதிருப்பது. ஜெர்மன் மின்னிசைக் குழுவான கிராஃப்ட்வெர்க் அதைத் தேர்ந்தது. 1986-இன் 'எலெக்ட்ரிக் கஃபே' ஆல்பத்துக்குப் பிறகு முழுதும் புதிய ஆல்பம் தர 2003 வரை எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் ஒன்றும் இல்லை. 2012 முதல் நியூயார்க்கிலும் லண்டனிலும் கலைக்கூடங்களில் தங்கள் எட்டு ஆல்பங்களை முப்பரிமாணப் படங்களோடு வாசித்திருக்கிறார்கள். அழகான நிகழ்ச்சிகள். ரசிகர்களுக்குள் சண்டை இல்லை. ஏமாற்றமடைய ஒன்றும் இல்லாததால்.

டெபெஷ் மோட் அந்த வழியில் போகவில்லை. 2022 மே 26 அன்று ஃப்ளெட்சர் காலமானார். கோரும் கஹனும் மட்டும் மிஞ்சினார்கள். பெரும்பாலான பாடல்கள் அதற்குமுன்பே, கோவிட் நோய்த்தொற்றுக் காலத்திலேயே எழுதப்பட்டிருந்தன. 2023 மார்ச் 24 அன்று 'மெமெண்டோ மோரி' வெளிவந்தபோது ரசிகர்கள் அதை இரங்கல் ஆல்பமாகத்தான் கேட்டார்கள். இதனால் விமர்சனம் செய்வதே சங்கடமாயிற்று. துக்க வீட்டில் குறைசொல்வதா என்று சிலர் வாயடைத்தார்கள். வேறு சிலர் துக்கத்தைத் தாண்டியே இது நல்ல ஆல்பம் என்றார்கள். 'வயலேட்டர்' காலத்துக்குப் பிறகு வந்தவற்றில் சிறந்தது என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. அதே வேகத்தில், பன்னிரண்டு பாடல்களில் நடுப்பகுதி மந்தமாக ஊர்கிறது, ஒருமுறை கேட்டால் பற்றிக்கொள்ளும் மெட்டு குறைவு என்ற குறையும் எழுந்தது. சைக்கடெலிக் ஃபர்ஸ் குழுவின் ரிச்சர்ட் பட்லருடன் கோர் சேர்ந்து எழுதிய நான்கு பாடல்களையும் ஒரு சாரார் புதுக்காற்று என்றார்கள். இன்னொரு சாராருக்கு அது கோரின் தனிக்குரலில் விழுந்த கலப்பு.

என் மதிப்பீட்டைச் சொல்கிறேன். 'கோஸ்ட்ஸ் அகெய்ன்' எளிமையான பாட்டு. ஆனால் அதன் அடியில் ஓடும் சிறு கிட்டார் நரம்பும் அதற்குப் பதில் சொல்லும் சிந்தசைசரும் மெட்டைத் தாங்கிப் பிடிக்கின்றன. அது இல்லாமல் பாட்டு நிற்காது. முதல் பாட்டு 'மை காஸ்மோஸ் இஸ் மைன்' இன்னும் முக்கியமானது. அரைபடும் இரும்புபோல ஓர் ஓசை, அதன்மேல் கஹனின் குரல், பிறகு எதிர்பாராத இடத்தில் எல்லாம் விலகி, வெறும் குரல்கள் மட்டும் சில நொடிகள் நிற்கின்றன. ஒலியை எடுத்துவிடுவதும் ஒலியமைப்புத்தான் என்று தெரிந்தவர் செய்த வேலை. நடுப்பகுதி தொய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 'கரோலைன்ஸ் மங்கி' எனக்கு எட்டவில்லை. மொத்தத்தில், நெடுங்காலத்துக்குப் பிறகு கோரின் பாடல்கள் முடிக்கப்பட்ட நிலையில் நமக்கு வந்திருக்கின்றன.

முடித்தவர்கள் யார்? தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்டு, அவரோடு மார்ட்டா சலோன்யி. ஆல்பம் வந்த வாரத்திலிருந்தே ரசிகர்கள் இந்த இரண்டு பெயர்களையும் வரிசையாகச் சொல்லிப் பேசினார்கள். இன்ன இடத்தில் குரலுக்கு வெளி கிடைத்திருக்கிறது, இன்ன பாட்டில் தாழ்ஸ்தாயி அமுங்கிவிட்டது என்று கணக்குக் கேட்டார்கள். வேறு எந்தத் துறையிலும் பெயர் தெரியாமல் போகிற இவ்வகை உழைப்பாளிகளை இந்தக் கூட்டம் பாட்டு எழுதியவருக்குச் சமமாக நிறுத்தி வைத்துப் பேசுகிறது, திட்டும்போதும்கூட. 2020-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இந்தக் குழுவைச் சேர்த்துக்கொண்டபோது கோர், கஹன், ஃப்ளெட்சர் என்ற மூன்று பெயர்களோடு கிளார்க்கின் பெயரும் வைல்டரின் பெயரும் பட்டியலில் இருந்தன. பாடல்களின் உரிமத்தொகை மட்டும் இன்றும் மெட்டையும் சொல்லையும் வைத்தே பிரிக்கப்படுகிறது. 'என்ஜாய் தி சைலன்ஸ்' எந்த நாட்டு வானொலியில் ஒலித்தாலும், அந்த இரண்டொரு நாள் டென்மார்க்கில் நடந்த வேலைக்கு இயற்றியவர் பங்கு என்று ஒன்று கிடையாது. சட்டம் காணாத அந்தப் பங்கை ஒவ்வொரு புதிய ஆல்பத்தின்போதும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அதிருப்தியடைந்த ரசிகர்கள்தான்.